நான்கு வீடு, நான்கு தோட்டம்: முறை வைத்து வேலை செய்து, கூடிச் சாப்பிட நினைப்பவர்களுக்கு

கேள்வி இதுதான். கோவையில் நான்கு நண்பர்கள், நான்கு குடும்பங்கள். ஒருவருக்கு வீட்டைச் சுற்றி மூன்று சென்ட் வெற்றிடம். இரண்டு பேருக்கு மொட்டை மாடி. ஒருவருக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனி மட்டும். மாதம் ஒரு ஞாயிறு, முறை வைத்து ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்திலும் எல்லோரும் சேர்ந்து வேலை செய்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று பேசி வைத்திருக்கிறார்கள். வருகிற ஆடியில் ஆரம்பிக்க ஆசை. இது நிலைக்குமா, என்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள்.

நிலைக்கும். நீங்கள் பேசி வைத்திருப்பதில் இரண்டை மட்டும் மாற்றுங்கள். சாப்பாட்டுப் பொறுப்பை முறை வீட்டுக்காரரிடமிருந்து எடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை என்ற கணக்கை விட்டுவிட்டுப் பட்டத்தை, அதாவது விதைக்கும் பருவத்தைப் பிடியுங்கள். முதலாவதுதான் முக்கியம் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த மாதிரி வட்டங்கள் சோம்பலால் உடைந்து நான் பார்த்ததில்லை. மண்வெட்டியே பிடிக்காதவர்கள்கூட முதல் நாள் பதினோரு மணிக்குள் பழகிவிடுகிறார்கள். உடைவதெல்லாம் விருந்தோம்பலால்தான். வீட்டுக்குப் பத்துப் பேர் வேலைக்கு வருகிறார்கள் என்றால் நம் ஊரில் யாருக்கும் வெறும் சோறு போட மனசு வராது. முறை வீட்டு அம்மா விடியற்காலையில் எழுந்து இட்லி ஊற்றுவார். இரண்டு சட்னி, ஒரு சாம்பார். அது முடிந்து கையைக் கழுவுவதற்குள் மதியச் சமையல் தொடங்கிவிடும். அந்தத் தோட்டத்தை நாள் தவறாமல் பார்ப்பவர் அவர்தான். எந்த மூலையில் வெயில் அடிக்கும், எந்தத் தொட்டியில் எறும்பு ஏறுகிறது, போன வருடம் பீர்க்கங்கொடி ஏன் காய்க்கவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் அடுப்படியில் நிற்க, தோட்டத்தில் விவரம் தெரியாத ஆறு பேர் பந்தல்கால் நட இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். மாலையில் எல்லோரும் மகிழ்ச்சியாகக் கிளம்பிப் போன பிறகு, அண்டா குண்டா கழுவும் வேலையும் அவருக்கே மிச்சம். அடுத்த முறை வரும்போது அந்த வீட்டில் 'இந்த வாரம் வேண்டாமே, விசேஷம் இருக்கு' என்று ஒரு பதில் வரும். அதில் தப்பே கிடையாது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். முதல் வீட்டில் சாம்பார், ரசம், ஒரு பொரியல். இரண்டாவது வீட்டில் வடை, பாயசம். மூன்றாவது வீட்டில் பிரியாணி. நான்காவது வீட்டுக்காரர் மாதக் கடைசியில் என்ன செய்வார்? எனக்குத் தெரிந்த ஒரு வட்டம் இப்படித்தான் நின்றுபோனது. தோட்டங்கள் நான்கும் நன்றாக வந்துகொண்டிருந்த நேரத்தில், அடுத்த விருந்து போட முடியாத ஒரு குடும்பம் மெதுவாக விலகியது. காரணத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

ஆகவே ஆடிக்கு முன்பே நால்வரும் உட்கார்ந்து சாப்பாட்டுக்கு ஒரு விதி போட்டுவிடுங்கள். நான் சொல்லும் விதி இது: முறை வீட்டில் மதியத்துக்கு ஒரே பாத்திரச் சாப்பாடுதான், தொட்டுக்கொள்ளத் தோட்டத்தில் பறித்தது ஏதாவது ஒன்று. அதைச் சமைப்பவர் அந்த வீட்டுக்காரராக இருக்கக் கூடாது, வந்தவர்களில் ஒருவர் சமைக்க வேண்டும். முறை வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய், அடுப்பு மட்டும் கொடுத்தால் போதும். மோரும் ஊறுகாயும் இன்னொரு வீடு. காலைக்குக் கம்பங்கூழோ பழைய சோறோ வேறொரு வீடு. பாத்திரம் கழுவாமல் யாரும் வண்டியை எடுக்கக் கூடாது. சமையலும் அன்றைய வேலைகளில் ஒன்று, மண் சுமப்பவரைப் போல அதற்கும் ஒரு ஆள். அந்த ஆள் ஒவ்வொரு முறையும் ஒரே பெண்ணாக இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் சமைக்கிற முறையை முதல் ஞாயிற்றுக்கே வைத்துவிட்டால் பிறகு பேச்சே எழாது.

கோவையில் இருக்கிறீர்கள், ஒரே பாத்திரத்துக்கு என்ன செய்வது என்று யோசிக்கவே வேண்டாம். அரிசிம்பருப்பு சாதம் வேலை நாளுக்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். பன்னிரண்டு பேருக்கு ஒன்றேகால் கிலோ அரிசி, அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை துவரம்பருப்பு. இரண்டையும் சேர்த்துக் கழுவி ஊறப்போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்துவிடலாம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் குழந்தைகள் நிழலில் உட்கார்ந்து உரித்துத் தருவார்கள். தாளித்து, தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், மிளகாய், சீரகம் போட்டு, தண்ணீர் கொதித்ததும் அரிசியையும் பருப்பையும் கொட்டி மூடினால், அரை மணி நேரத்தில் ஆள் சாப்பிட வந்துவிடலாம். மேலே நெய், பக்கத்தில் அப்பளம், கட்டித் தயிர். தோட்டத்தில் அன்றைக்குப் பறித்தது எதுவோ அது தொட்டுக்கொள்ள. கீரை இருந்தால் கடைசல், கத்தரிக்காய் இருந்தால் வதக்கல்.

தோட்டத்துச் சுரைக்காயை அன்று சமைப்பதாக இருந்தால், பச்சையாக ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயை அப்படியே தூக்கிப் போட்டுவிடுங்கள். கசக்கும் சுரைக்காயில் இருக்கும் நச்சு வேக வைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்தவர்களும் நம் நாட்டில் உண்டு. பத்துப் பேர் ஒரே பாத்திரத்தில் சாப்பிடும் நாளில் இதில் அலட்சியம் கூடாது.

இனி பட்டம். மாதம் ஒரு வீடு என்று வைத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் வருடத்தில் மூன்று முறை வரும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆடியில் முதல் வீட்டுக்கு முறை என்றால் நான்காவது வீட்டுக்கு ஐப்பசியில்தான் வரும். அவருக்கு ஆடிப்பட்டம் போயே போய்விட்டது. அடைமழையில் நனைந்துகொண்டே பந்தல் போடுவதா? 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நான்கு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் பொருந்துவதுதானே.

அதனால் வருடத்துக்கு மூன்று கொத்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆடியில் நான்கு ஞாயிறும் தொடர்ந்து, வாரம் ஒரு வீடு. புரட்டாசியில் மறுபடி நான்கு. தையில் நான்கு. இடைப்பட்ட மாதங்களில் கூட்டு வேலை கிடையாது, அவரவர் தோட்டத்தை அவரவர் பார்த்துக்கொள்வது. மொத்தம் அதே பன்னிரண்டு நாள்தான், ஆனால் வேலை தேவைப்படும்போது ஆள் இருக்கும். ஒரு கொத்துக்குள் யார் வீடு முதலில் என்பதை மட்டும் சுழற்சியில் விடுங்கள். ஆடியில் கடைசியாக இருந்தவர் புரட்டாசியில் முதலில். புரட்டாசி வேலை மழைக்கு முந்தியது: தண்ணீர் தேங்காமல் வடிகால் பார்ப்பது, பைகளின் அடித் துளைகளைக் குத்திவிடுவது, தக்காளி, மிளகாய் நாற்றை மாற்றி நடுவது. கார்த்திகை, மார்கழிக் குளிரில் கோவை மாடிகளில் பீட்ரூட்டும் காலிஃபிளவரும்கூட வருமே, அதற்கான நாற்றையும் அப்போதே விட்டுவிடலாம். தையில் கீரை, வெண்டை, வெள்ளரி, கொத்தவரை, கூடவே கோடைக்கு மண்ணை மூடிவைக்கும் மூடாக்கும் நிழல்வலையும்.

வயல்காட்டில் இது புதிதே கிடையாது. நடவுக்கும் களைக்கும் இன்றைக்கு உன் வயலில் நாங்கள், நாளைக்கு என் வயலில் நீங்கள் என்று மாத்தாளாகப் போய்வந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. கூலி கிடையாது, கஞ்சி உண்டு. பின்லாந்தில் 'தல்கோத்' என்று இதே ஏற்பாடு. கூப்பிட்ட வீட்டார் சாப்பாடு போடுவார்கள், காசு பேசமாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2006-ல் 'பெர்மாபிளிட்ஸ்' என்ற பெயரில் ஒன்று தொடங்கியது. ஒரே நாளில் பலர் சேர்ந்து ஒரு வீட்டின் வெறும் புல்தரையைக் காய்கறித் தோட்டமாக மாற்றிவிட்டு, கூடிச் சாப்பிட்டுக் கலைவார்கள். தன் வீட்டுக்கு அழைக்க விரும்புகிறவர் முதலில் மற்றவர் வீடுகளுக்குப் போய் வேலை செய்திருக்க வேண்டும் என்பது அங்கே பொது வழக்கம். ஐந்தாவதாக யாராவது உங்களோடு சேர வந்தால் இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: முதல் கொத்தில் உழைப்பு, அடுத்த கொத்தில் முறை. ஐந்து வீட்டுக்கு மேல் போகாதீர்கள். ஆறாவது ஞாயிறு வருவதற்குள் பட்டம் கடந்துவிடும்.

நம் பழைய மாத்தாள் முறையை அப்படியே புகழவும் எனக்கு மனசில்லை. அது பெரும்பாலும் பங்காளிகளுக்குள்ளும் ஒரே சாதிக்குள்ளும் நடந்தது. நிலம் இல்லாதவருக்கு மாத்துக் கொடுக்க எதுவும் இல்லை, அவர் கூலிக்குத்தான் வந்தார், சாப்பாடும் அவருக்குத் தனியாகத்தான் கிடைத்தது. நண்பர்கள் என்ற ஒரே காரணத்துக்காக நான்கு வீட்டார் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றைச் சாப்பிடுவது அந்த முறையில் இல்லாத ஒன்று. உங்கள் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

இடம் பெரிது சிறிது என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்று சென்ட் வைத்திருப்பவர் வீட்டில் வேலை முடியவே முடியாது, பால்கனி வீட்டில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், இது எப்படிச் சரிசமம் ஆகும் என்று ஒருவராவது மனசுக்குள் நினைப்பார். அளவு வேலைக்கு வேண்டாம், பொழுதுக்கு வையுங்கள். ஒரு முறை என்பது ஒரு முற்பகல்: காலை ஆறரை முதல் பதினொன்றரை வரை. அதற்குள் எது முடிகிறதோ அது முடிந்தது, மீதி வீட்டுக்காரருடையது. மொய் நோட்டு மாதிரி யார் எவ்வளவு செய்தார், யார் எத்தனை பாண்டுச் சட்டி மண் சுமந்தார் என்று எழுத ஆரம்பித்தால் நட்பு தாங்காது. வந்தாரா, இருந்தாரா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும். உடம்பு முடியாதவர் நிழலில் உட்கார்ந்து விதை பொறுக்கினாலும் அவர் வந்த கணக்கே.

பால்கனி நண்பரை விட்டுவிடாதீர்கள், அவராகவே 'என் வீட்டில் என்ன இருக்கிறது' என்று ஒதுங்கவும் விடாதீர்கள். அவர் முறையன்று காலை ஒரு மணி நேரம் பால்கனியில்: நாலு தொட்டியில் புதினா, கறிவேப்பிலை, கொத்தமல்லி, கம்பியில் ஏற்றிவிட ஒரு கொடிப்பசலை. மீதி நேரம் எல்லோருக்குமான வேலையை அங்கே உட்கார்ந்து செய்யலாம். மண்வெட்டிக்குக் காம்பு போடுவது, கத்தரிக்கோல் தீட்டுவது, விதைகளைக் காயவைத்துப் பிரித்துப் பேர் எழுதுவது என்று நான்கு வீட்டுக்கும் சேர்த்து அரை நாள் வேலை எப்போதும் கிடக்கும்.

செலவு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். மண், உரம், கம்பி, கயிறு எல்லாம் முறை வீட்டுக்காரர் செலவு, அதுவும் சனிக்கிழமையே வாங்கி வைத்திருக்க வேண்டும். ஆட்களை உட்கார வைத்துவிட்டுக் கடைக்கு ஓடுவது எல்லோர் பொழுதையும் வீணாக்கும். விளைச்சல் வீட்டுக்காரருடையது. வந்தவர்களுக்கு அன்றைக்குப் பறித்ததில் ஒரு பை கொடுத்தனுப்பினால் அழகு. கிணறு தூர் வாருவது, கான்கிரீட் போடுவது, பெரிய மரம் வெட்டுவது போன்றவற்றை நட்பின் பேரில் செய்யக் கூடாது. தொழில் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கூலி கொடுங்கள். ஆபத்தும் குறைவு, அவருக்கும் பிழைப்பு.

பத்துக் கை சேர்ந்தால்தான் நடக்கும் வேலைகளுக்கு மட்டும் இந்த ஞாயிறுகளை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விடுவது, இலையைத் திருப்பிப் பூச்சி பார்ப்பது, களை பிடுங்குவதெல்லாம் தினசரி வேலை. அவற்றைச் சேர்த்து வைத்து நண்பர்கள் தலையில் கட்டினால் தோட்டமும் கெடும், ஆட்களும் சலித்துப்போவார்கள். மண் கலப்பது, மண்ணை மாடிக்கு ஏற்றுவது, பந்தல் போடுவது, பாத்தி எடுப்பது, குழி வெட்டுவது, முருங்கையைக் கவாத்து செய்வது ஆகியவைதான் கூட்டு வேலை.

மாடி வீடுகள் இரண்டுக்கும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஆட்கள் இருக்கிறார்களே என்ற உற்சாகத்தில் கலவை மண் முழுவதையும் ஒரே மூச்சில் மேலே ஏற்றி, மாடியின் நட்டநடுவில் குவித்து, சுற்றிப் பத்துப் பேர் நின்று கலப்பார்கள். ஆள் நடமாடும் தட்டை மாடிக்கு நம் நாட்டுக் கட்டட விதிமுறை வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். ஈர மண் கன மீட்டருக்கு ஒன்றரை டன்னைத் தாண்டும். முழங்கால் உயரக் குவியலே விதிமுறை அளவை எப்போதோ கடந்துவிட்டிருக்கும். ஆகவே கலவையைத் தரையிலேயே கலந்து, பாண்டு பாண்டாகக் கைமாற்றி மேலே ஏற்றி, ஏறியதும் பையில் நிரப்பி, சுவருக்கும் உத்தரத்துக்கும் மேலாக வரும் இடங்களில் வரிசையாக வைத்துவிடுங்கள். ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள பையில் இருபது லிட்டர் அளவுக்குக் கலவை பிடிக்கும், நனைந்தால் 15 கிலோவுக்குக் குறையாது. பழைய வீடு, ஓதம் பிடித்த கூரை என்றால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

கலவையைப் பற்றிச் சுருக்கமாக: செம்மண், மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம பங்கு, பைக்கு ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. ஐந்து கிலோ நார்க்கட்டி ஊறினால் அறுபது லிட்டருக்கு மேல் பொங்கும். அதை முந்தின நாள் மாலையே ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை இரண்டு தடவை வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் அதிலிருக்கும் உப்பு நாற்றின் வேரைக் கருக்கும். காலையில் வந்து ஊறவைத்தால் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பந்தல் தனியாளால் ஆகாத வேலை. நான்கு மூலைக்கும் நான்கு கால், ஆறடி உயரம். மாடியில் தளத்தைத் துளைக்கக் கூடாது, பழைய பெயின்ட் வாளியில் கால் நட்டு ஜல்லிக் கலவை ஊற்றி இரண்டு வாரம் முன்பே இறுகவிட்டிருக்க வேண்டும். அன்றைக்கு நடப்பது கம்பி இழுப்புதான். மூலைக்கு மூலை ஒருவர் பந்தல்காலை வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, ஒருவர் சுற்றுக் கம்பியை இழுத்து முறுக்க வேண்டும். பிடித்தவர்கள் மெல்ல விடும்போது கம்பி தானாக விறைக்கும். தட்டினால் கணீரென்று ஒலி வர வேண்டும். தொய்வாக விட்டால் புடலை காய்த்ததும் நடுவில் குழி விழுந்துவிடும். பிறகு அடிக்கு ஒரு கயிறாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வரும் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பந்தலின் மேற்குப் பக்கத்தைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

மூன்று சென்ட் வீட்டில் முருங்கை இருந்தால் அதன் கவாத்து எல்லோருக்கும் பிடித்த வேலையாகிவிடும். பெரியகுளம் 1 போன்ற செடிமுருங்கையைக் காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டிவிட வேண்டும். நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். வெட்டிய கிளைகளில் வரும் கீரை ஒரு குடும்பத்தால் தின்று தீராது. அன்றைக்கே உருவி, ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் மதியத்துக்குப் பொரியலும் செய்துவிடலாம். வெட்டிய குச்சிகளைத் துண்டாக்கி மூடாக்காகப் போடலாம்.

கூட்டுத் தோட்ட வேலையில் யாரும் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. நாம் வீடு வீடாகப் போகும்போது பூச்சியும் நோயும் நம்மோடு வருகின்றன. பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது நம் கோவையில்தான், 2008-ல். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடாமல் வெள்ளையாகப் போர்த்தியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது. மாவுப்பூச்சிக்கு இறக்கை முளைத்த பெண் கிடையாது. அது ஊர் விட்டு ஊர் போவது காற்றிலும், எறும்பு முதுகிலும், நாம் அன்போடு கொடுக்கும் செடியிலும், நம் சட்டையிலும்தான். வாழைக்கன்று கொடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். முடிக்கொத்து நோய் கன்று வழியாகப் போகும். பழனி மலையில் விருப்பாச்சி வாழை பெரும் பரப்பை இழந்தது இந்த நோயால்தான். தக்காளி, கத்தரியின் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்தப் பையின் மண்ணை வேறு வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது.

ஆகவே மண்வெட்டி, களைக்கொத்து, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கிளம்பும் முன் கழுவி வெயிலில் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள். கத்தரிக்கோலைச் சாராய வகைக் கிருமிநாசினியில் துடைத்தால் இன்னும் நல்லது. சுருட்டை நோய், மாவுப்பூச்சி இருக்கும் செடிகளைக் கடைசியாகத் தொடுங்கள். செடியாகக் கொடுப்பதைவிட விதையாகக் கொடுப்பது பாதுகாப்பு. அன்று பறித்துச் சமைக்கப் போகும் செடிகளில் வேப்பெண்ணெய்க் கரைசல் உட்பட எதையும் அந்த வாரம் தெளிக்காதீர்கள்.

விதைப் பரிமாற்றம் நான்கு வீடுகள் சேர்வதால் கிடைக்கும் பெரிய லாபம். தக்காளி, அவரை, தட்டைப்பயறு ஆகியவற்றின் நாட்டு ரகங்கள் பெரும்பாலும் தம்மில் தாமே கருவுறுபவை, தாயைப் போலவே பிள்ளை வரும். கத்தரியிலும் வெண்டையிலும் கொஞ்சம் கலப்பு நேரும், ஒரு ரகத்தைக் கொஞ்சம் தூரத்தில் வைத்தால் சமாளிக்கலாம். பீர்க்கு, சுரை, பூசணி அப்படியில்லை. ஒரே இனத்தின் இரண்டு ரகம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். இங்கேதான் நான்கு தோட்டம் கைகொடுக்கிறது. குட்டைச் சுரை ஒருவர் வீட்டில் மட்டும், நீளச் சுரை இன்னொருவர் வீட்டில் மட்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதிலும் விதைக்கென விடும் பூவை முந்தின மாலையே நூலால் கட்டிவைத்து, மறுநாள் கையால் மகரந்தம் தொட்டு, மறுபடி கட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் தெருக்கோடி வீட்டுச் சுரையை யாரும் தடுக்க முடியாது. சுரை, பீர்க்கு இரண்டின் பூவும் அந்திக்கு விரிவது, அவற்றுக்கு மட்டும் அன்று பிற்பகலிலேயே கட்டிவிட்டு மாலையில் தொட வேண்டும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து வைக்காதீர்கள், அடுத்த தலைமுறை கலைந்துபோகும்.

உங்கள் ஆடிக்கு இப்படி வைக்கலாம். மூன்று சென்ட் வீடு முதல் ஞாயிறு. அங்கே தரையில் வேலை செய்து பழகிக்கொள்ளலாம், தவறினாலும் சேதமில்லை. பாத்தி எடுத்து, அவரையும் வெண்டையும் ஊன்றி, முருங்கை இருந்தால் வெட்டிவிடுங்கள். இரண்டாவது ஞாயிறு பால்கனி வீடு, விதை பிரிக்கும் வேலையோடு. மாடி வீடுகள் இரண்டும் அதன் பிறகு. ஆடிப்பெருக்கு தாண்டினால் காற்றும் கொஞ்சம் தணியும், பந்தல் வாளிகளும் இறுகியிருக்கும். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஆனிக் கடைசியிலேயே வாளியில் கலவை ஊற்றிவிட வேண்டும், இதை மட்டும் அவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சுரை, புடலை, பீர்க்கு நாற்றுகளைப் பால்கனி நண்பர் முதல் வாரமே காகிதக் கப்பில் போட்டு வளர்க்கட்டும். மாடிப் பந்தல் எழும் நாளில் அவை இரண்டு மூன்று இலையோடு நடவுக்குத் தயாராக இருக்கும்.